மேட்டுக்கு ஏறாத தண்ணீர்

கே: பேச்சிப்பாறைத் தண்ணீரில் எங்கள் வயல் விளைகிறது. அணைக்கு மேலே வாழும் காணிப் பழங்குடி மக்களுக்குக் குடிநீர்க் கஷ்டம் என்றால் நம்ப முடியவில்லையே? (பூதப்பாண்டி வாசகர்)

ப: நம்புங்கள். 1906-இல் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் முடிந்த அணை அது. கீழே இருக்கும் வயலுக்காகக் கட்டியது. மேட்டுக்கு அதன் தண்ணீர் ஏறாது. மலைக்குடிகளுக்கு ஓடையும் ஊற்றும்தான். கோடையில் ஓடை மெலியும், மழையில் கலங்கும். நம் நெல்லுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிற அரசு, அவர்கள் குடத்துக்கும் வழி செய்ய வேண்டும்.

கே: குடிநீர் அடிப்படை உரிமை இல்லையா? (தக்கலை வாசகர்)

ப: உரிமைதான். மாசற்ற நீர் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று 2019-இல் வந்த ஜல் ஜீவனோ வெறும் திட்டம்தான். அதன் கெடு 2024-இலிருந்து 2028-க்குத் தள்ளிப்போயிற்று. திட்டம் காத்திருக்கும், தாகம் காத்திருக்காது. அதனால்தான் சட்டத்தின் பிடி வேண்டும் என்கிறோம்.

கே: பழங்குடி சுயாட்சிக்குப் 'பெசா' சட்டம் இருக்கிறதே? (மார்த்தாண்டம் வாசகர்)

ப: 1996-இல் வந்த அந்தச் சட்டம் அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும். பத்து மாநிலங்களில் அப்படிப்பட்ட பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட இல்லை. 2023-இல் வந்த பிரதமர் ஜன்மன் நலத் திட்டமும் மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கானது. தமிழகத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு இனங்கள் அதில் உண்டு, காணிகள் இல்லை.

கே: பிறகு என்னதான் மிச்சம்? (குலசேகரம் வாசகர்)

ப: பெரிய ஆயுதமே மிச்சம் இருக்கிறது: 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதன் 3(2) பிரிவு பதின்மூன்று பொது வசதிகளுக்கு வன நிலத்தை அனுமதிக்கிறது. குடிநீர் விநியோகமும் குழாய்களும் அதில் உண்டு. ஒரு வசதிக்கு ஒரு ஹெக்டேருக்குள் நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அனுமதி மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே. கோப்பு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை.

கே: எங்கள் பகுதி சரணாலயம் ஆயிற்றே? பேரூராட்சிக்குள் வேறு வருகிறது, அங்கே கிராம சபை கிடையாதே. (மலையோர வாசகர்)

ப: சட்டம் சொல்லும் வன நிலத்தில் சரணாலயமும் தேசியப் பூங்காவும் அடக்கம். அரசிதழில் ஏறாத பழங்குடியிருப்பும் அதன் கணக்கில் கிராமம்தான். ஆகவே உங்கள் குடியிருப்பே கூடிக் கிராம சபை அமைக்கக் கேளுங்கள். வயது வந்த அனைவரும் அதன் உறுப்பினர்கள். 2012 விதிப்படி பாதிப் பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். குடம் சுமப்பவர்கள் சொல்லாமல் குழாய்க்கு எங்கே இடம் குறிப்பது?

கே: உரிமை கொடுத்தால் காடு அழியும் என்கிறார்களே? (நாகர்கோவில் வாசகர்)

ப: நீர்ப்பிடிப்பையும் ஊற்றுகளையும் காக்கும் பொறுப்பை அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு கிராம சபையிடம்தான் தருகிறது. ஒடிசாவில் 2013-இல் பன்னிரண்டு கிராம சபைகள் கூடி நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. மலையும் அதன் ஓடைகளும் தப்பின. பேச்சிப்பாறைக்கு நீர் தரும் கோதையாற்றின் தலைமாட்டைக் காப்பவர்கள் வலுவாக இருந்தால் நம் வாய்க்காலுக்கும் நல்லது.

கே: பணக்கார நாடுகளில் இப்படி நடக்குமா? (கன்னியாகுமரி வாசகர்)

ப: கனடாவில் நெஸ்காண்டகா என்ற பூர்வகுடி ஊர் 1995 முதல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் எச்சரிக்கையின் கீழ் இருந்து வருகிறது. 2013-இல் அங்கே பூர்வகுடிகளுக்கென்று குடிநீர்ச் சட்டம் வந்தது. அவர்கள் எதிர்ப்பால் 2022-இல் நீக்கப்பட்டது. தண்ணீர் மீது அவர்களின் சுயாட்சியை ஏற்கும் மசோதா 2023 டிசம்பரில் வந்தது. நிறைவேறும் முன்பே நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் காலாவதியானது. பணம் மட்டும் போதாது, முடிவெடுக்கும் அதிகாரமும் வேண்டும்.

கே: காணிகளின் குடித்தலைவரான மூட்டுக்காணி பஞ்சாயத்து செய்த காலம் போயிற்றே, இன்று யார் முன்நிற்பது? (அருமனை வாசகர்)

ப: அவர் கூட்டிய கூட்டத்தையே இன்று கிராம சபையாகக் கூட்டலாம். தீர்மானத்தில் மூன்றே வரிகள் போதும்: எந்த ஊற்றிலிருந்து, எத்தனை வீடுகளுக்கு, எந்த வழியாக. ஒரு நகல் வன அலுவலருக்கு, ஒன்று ஆட்சியருக்கு, ஒன்று உங்கள் கையில். எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பதில் வாங்காமல் விடாதீர்கள்.