எறும்பு தின்ற பதிப்புகள்

புதிதாக ஏதாவது செய்யச் சொன்னால், இணையதள வடிவமைப்பாளர் முதலில் மற்ற இணையதளங்களைப் பார்க்கிறார். அவற்றைச் செய்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். அதனால் வங்கிக்கும் பிரியாணிக் கடைக்கும் ஒரே முகம்: மேலே பெரிய படம், கீழே மூன்று பெட்டி, நடுவே காரணமில்லாமல் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரர்.

இதே ஆசாமி பொங்கலுக்குச் சொந்த ஊரான சேவுகம்பட்டிக்கு வந்தால், வாசலில் அம்மா போட்ட புள்ளிக் கோலத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். தாண்டுகிறார். சிக்னல் தேடி மொட்டை மாடிக்குப் போகிறார்.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் தாண்டவில்லை, நின்று பார்த்தார்கள். கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலத்தின் ஒழுங்கைக் கணினி அறிவியலின் இலக்கணமாக எழுதி 1974-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். டிம் பெர்னர்ஸ்-லீ வலைக்கான யோசனையை முன்வைத்தது 1989-இல்தான். கட்டம் போட்டுப் பக்கத்தை அடுக்கும் 'சிஎஸ்எஸ் கிரிட்' முக்கிய பிரவுசர்களுக்கு வந்து சேர 2017 ஆயிற்று. அதற்குள் அம்மாக்களின் எத்தனையோ பதிப்புகளை எறும்புகள் தின்று தீர்த்திருந்தன.

சேவுகம்பட்டி இருக்கும் மாவட்டத்துக்குள்ளேயே சின்னாளபட்டியும் இருக்கிறது. சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றினால், முடிச்சு இருந்த இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். விட்ட இடமே வடிவம். இதையே 'ஒயிட் ஸ்பேஸ்' என்று சொன்னால் நம்மவர் பணம் கட்டிப் படிப்பார்.

தை மாதம் சேவுகம்பட்டிப் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடுவார்கள். அதற்கு லேஅவுட்டே கிடையாது. நம்மவர் அதைப் போனில் படம் பிடிக்கிறார்.

கோலம் போடத் தெரியுமா என்றால், யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.