நூறு மீட்டருக்கு அப்பால்

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைக்குள் பிறந்தவனுக்கு ஊரைச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. வெளியாரிடம் 'மைசூர்ப் பக்கம்' என்போம். சர்க்கார் கணக்கில் 1939 முதல் நாங்கள் மண்டியா ஜில்லா. எங்கள் பேட்டைக்கு ஒரு சமுதாய பவனம் வேண்டும் என்று எழுதிய முதல் மனு மைசூருக்குப் போய், 'இது மண்டியாவுக்குப் போகவேண்டியது' என்ற குறிப்போடு அங்கே திருப்பி விடப்பட்டது. "மைசூர்லேர்ந்து மண்டியாவுக்கு நம்ம ஊர் வழியாத்தானே போயிருக்கும், இங்கேயே இறக்கி விட்டிருக்கப்படாதோ!" என்றார் எதிர்வீட்டு மேஷ்ட்ரு மாமா. எங்கள் போராட்டத்தின் தலைவர், செயலாளர், தபால் செலவு எல்லாமே அவர்தான்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் தெருவேதான் மண்டபம். குறுக்கே ஷாமியானா, நாலு வீட்டு வாசலை அடைத்துக் கோட்டையடுப்பு. தூறல் போட்டால் ரசம் பெருகும். எங்கள் பவனக் கனவெல்லாம் அந்த ரசத்தில் பிறந்ததுதான்.

ஆனால் செத்தவர்களுக்கு எங்கள் ஊரில் வசதிக் குறைச்சலே கிடையாது. அஸ்தி கரைக்கப் பஸ் பஸ்ஸாக ஜனம் பச்சிமவாஹினிக்கு வந்து இறங்கும். 1948-இல் காந்தியின் அஸ்தியில் ஒரு பங்கும் அங்கேதான் கரைந்தது. ஹைதருக்கும் திப்புவுக்கும் கும்பஸ். 1799 மே 4-ஆம் தேதி திப்புவின் உடல் கிடந்த இடத்துக்குக்கூடத் தனியாக ஒரு கல், சுற்றிலும் வேலி. உயிரோடிருக்கிறவன் பெண்ணுக்குச் சீமந்தம் செய்யத்தான் இடமில்லை.

தெருக்கோடியில் புளியமரத்தோடு ஒரு காலி மனை இருந்தது. அதன்மேல் எல்லோருக்கும் கண். அதற்குள் 1992-இல் ஓர் அறிவிக்கை வந்தது: பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்கு எதுவும் கட்டக்கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கிக் கட்டலாம். 2010-இல் அதுவே திருத்தச் சட்டமாகி இன்னும் இறுகியது. நல்ல சட்டம்தான், நான் மறுக்கவில்லை. அது இல்லாமல் போயிருந்தால் கோட்டைச் சுவர்க் கல்லெல்லாம் எங்கள் வீட்டுப் படிகளாகியிருக்கும். சில ஏற்கெனவே ஆகியிருந்தன. வேறு ஊர்களில் ஒரு சின்னம், அதைச் சுற்றி ஒரு வட்டம், அதோடு தீர்ந்தது. எங்கள் தீவிலோ ரங்கநாதர் கோயில், ஜும்மா மசூதி, தண்ணீர் வாசல், பாதாளச் சிறை, வெடிமருந்துக் கிடங்குகள் என்று வட்டத்தின் மேல் வட்டம். படத்தில் வரைந்து பார்த்த மேஷ்ட்ரு மாமா, "காவேரி நடுவுலதான்டா அம்பி கட்டணும்" என்றார்.

அளக்க வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. டேப்பின் ஒரு முனையை ஒரு பையன் கோட்டைச் சுவரில் பிடித்துக்கொண்டான். எந்தச் சுவர் என்பதில் தகராறு. நிற்கிற சுவரா, அகழியில் சரிந்து கிடக்கிற கற்களா? சரிந்ததும் சுவர்தான் என்றார் அளப்பவர். அப்படியானால் பீரங்கி உடைத்துத் தள்ளியதற்கும் சேர்த்து நாங்கள்தான் கொடுத்தாக வேண்டுமா என்று மாமா கேட்டார். கணக்கு முடிந்தபோது புளியமரம் வட்டத்துக்கு வெளியே, மனை உள்ளே. மரத்தடியில் உட்கார்ந்து அன்று மாலையே அடுத்த மனு எழுதினோம்.

2017 மார்ச்சில் அந்த அதிசயம் நடந்தது. இரட்டை ரயில் பாதைக்குத் திப்பு காலத்து வெடிமருந்துக் கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. இடிக்கக்கூடாது. அதனால் செங்கல்லும் சுண்ணாம்புமான அந்த ஆயிரம் டன்னையும் அப்படியே பெயர்த்து, அடியில் இரும்பு உத்தரம் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, சுமார் 130 மீட்டர் நகர்த்தினார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. கம்பை ஊன்றிக்கொண்டு மாமாவும் வந்திருந்தார். வெகுநேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "நாம கேட்டது நூறு மீட்டர்தானேடா?" என்றார்.

தேர்தலுக்குத் தேர்தல் பவனத்துக்குக் குத்தலி பூஜை, அதாவது பூமி பூஜை, மட்டும் தவறாமல் நடந்தது. ஒரு தேங்காய், புது மண்வெட்டி, பெயர்கள் செதுக்கிய கல். அந்தக் கற்களைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேன். நூறு வருஷமான பின்பு யாராவது அவற்றைச் சின்னமாக அறிவித்தால், அவற்றைச் சுற்றியும் யாரும் எதுவும் கட்டமுடியாது.

பவனம் வந்தேவிட்டது, எல்லா வட்டத்துக்கும் வெளியே. தகரக் கூரை, வழுக்கும் டைல்ஸ், மேடை, பின்னால் சாப்பாட்டுக் கூடம். குறை ஒன்றும் சொல்வதற்கில்லை, ஆட்களைத் தவிர. கோட்டைக்குள் ஓடு மாற்றவும் அனுமதி, மாடி எடுக்கவும் அனுமதி என்றானதும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். 1809 வாக்கில் வெள்ளைக்காரப் பட்டாளம் காய்ச்சலுக்குப் பயந்து பெங்களூருக்குப் போயிற்று. நாங்கள் காகிதத்துக்குப் பயந்து மைசூருக்குப் போனோம். 2023-இல் திறந்த பெங்களூர் எக்ஸ்பிரஸ்வேயும் ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. இன்று எங்கள் பக்கத்துக் கல்யாணங்கள் மைசூர் ரிங் ரோடில்தான், நூறு கார் நிறுத்துகிற மண்டபங்களில். அங்கே ரசத்தில் ஒரு சொட்டு மழைநீர் கிடையாது, மிளகும்தான்.

போன மாதம் என் சஷ்டியப்தபூர்த்தியைப் பிடிவாதமாக அந்தப் பவனத்தில்தான் வைக்கவேண்டும் என்று பதிவு செய்யப் போனேன். அங்கிருந்த இளைஞர் என் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மைசூர் விலாசம் சார். வெளியூர் ரேட்தான் போட முடியும்."

மனுக்கள் அடங்கிய கோப்பை எடுத்துக் காட்டினேன். மாமா காலமான பிறகு அது என்னிடம்தான் இருக்கிறது. பொறுமையாகப் புரட்டிவிட்டு அவர் கேட்டார்: "இதுல கையெழுத்துப் போட்டவங்க யாராவது இப்ப இங்க இருக்காங்களா சார்? அவங்க பேர்ல எழுதிடலாம்."

இருவரும் விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனோம். காலமானவர், பெங்களூர், காலமானவர், மைசூர், அமெரிக்கா. கடைசித் தாளில் ஒரு கைநாட்டு அகப்பட்டது, கோயில் வாசலில் பூக்கட்டுகிற அம்மாவுடையது. மண்டபம் அவர் பெயரில் உள்ளூர் ரேட்டில் பதிவாகியிருக்கிறது. மாலை, சரம், மணவறை அலங்காரம் எல்லாம் தன்னிடம்தான் வாங்கவேண்டும், பேரம் கூடாது என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.