கட்டடம் காட்டும் இலக்கணம்

பாயிரம்

ஜப்பானிலிருந்து வரும் கட்டடக் கலைஞர்களுக்கு நம் ஊர்க் கட்டடங்களைச் சுற்றிக் காட்டுவது எப்படி என்பதே இச்சிறு நூல் நுதலிய பொருள். எல்லை: கிழக்கே கொல்லிமலை, தென்மேற்கே நாமக்கல் கோட்டை, இடையில் சேந்தமங்கலம். வழி: புதுச்சேரியின் கோல்கொண்ட் விடுதி. கேட்போர்: வழிகாட்டிகள், கட்டடக்கலை மாணவர்கள், பாட்டன் கட்டிய வீட்டை இடிப்பதா வைப்பதா என்று முடிவெடுக்காமல் இருக்கும் குடும்பங்கள். பயன்: அந்த வீடுகளில் சிலவாவது நிற்பது.

கட்டுவதற்கு மயமதம் இருக்கிறது, மானசாரம் இருக்கிறது. காட்டுவதற்கு நூல் இல்லை. காட்டத் தெரியாதவனிடம் உள்ள வீடு அவன் கண்ணுக்கே பழைய சரக்காகிவிடுகிறது. ஆகவே இந்த இலக்கணம் வேண்டும்.

முதல் இயல்: முன்னோர் சென்ற வழி

ஜப்பானியர் இந்தியக் கட்டடங்களைத் தேடி வந்தது நேற்று இன்றல்ல. இட்டோ சூட்டா என்ற கட்டடக் கலைஞர் 1902-இல் புறப்பட்டு, சீனா, பர்மா, இந்தியா, துருக்கி என்று 1905 வரை சுற்றினார். அந்தப் பயணத்தின் விளைவை டோக்கியோவின் சுகிஜி ஹோங்கான்ஜி கோயிலில் பார்க்கலாம். 1934-இல் அவர் கட்டி முடித்த அந்தக் கோயிலின் முகப்பில் நம் பௌத்த சைத்தியங்களின் வளைவு இருக்கிறது. அவருக்குப் பின் காமியா தாகேயோ பல ஆண்டுகள் இந்தியா முழுவதும் அலைந்து, படம் பிடித்து, இடங்களைக் குறித்து, 1996-இல் இந்தியக் கட்டடக்கலைக்கு ஒரு வழிகாட்டி நூலை ஜப்பானிய மொழியில் கொண்டுவந்தார். 2003-இல் கோவாவிலிருந்து அது ஆங்கிலத்தில் வெளியானது.

இவர்கள் பார்த்துச் சென்றவர்கள். சேர்ந்து வேலை செய்தவர்களின் வரலாறு புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்துக்கு ஒரு விடுதி தேவைப்பட்டது. ஆசிரமத்திலிருந்த பவித்ரா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் முன்பு ஜப்பானில் வாழ்ந்தவர். அங்கே அறிமுகமான அந்தோனின் ரேமண்டை அவர் அழைத்தார். செக் நாட்டில் பிறந்த ரேமண்ட், டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக ஃபிராங்க் லாய்ட் ரைட்டுடன் ஜப்பானுக்குப் போய் அங்கேயே அலுவலகம் வைத்தவர். அந்த அலுவலகத்திலிருந்து ஜார்ஜ் நாகஷிமா வந்தார். ஜப்பானியப் பெற்றோருக்கு 1905-இல் அமெரிக்காவில் பிறந்தவர் அவர். செக் நாட்டவரான ஃபிரான்டிஷெக் சாமரும் உடன் வந்தார். பணம் ஐதராபாத் நிஜாம் அரசின் திவான் அக்பர் ஐதரி வழியாகக் கிடைத்தது. கோல்கொண்டா என்ற கோட்டைப் பெயர் விடுதிக்கு வந்தது அதனால்தான்.

அந்த வேலையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கட்டடம் வடக்கும் தெற்கும் பார்த்து நீளமாகக் கிடக்கிறது. வடபுறம் நடை, தென்புறம் அறைகள். இரு முகப்பிலும் சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கிடைப் பட்டைகள். அவற்றைத் திறந்தால் கடற்காற்று அறைக்குள் புகுந்து, காற்று நுழையும் தேக்குச் சறுக்குக் கதவுகளைக் கடந்து மறுபக்கம் போய்விடும். வெயிலும் மழையும் வெளியே நிற்கும். கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளால் இன்னொரு கூரை. இரண்டுக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி. தரைக்குக் கடப்பைக் கல். சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு. வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் கட்டடத் தொழில் அறியாத ஆசிரமவாசிகள். பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுக்கான பிடிகளையும் கொண்டிகளையும் அங்கேயே வார்த்தார்கள். சில மாதங்களில் முடியும் என்று எண்ணித் தொடங்கிய வேலை பல ஆண்டுகள் நடந்து, 1940-களின் முதல் பாதியில் முடிந்தது. பின்னாளில் உலகம் போற்றிய மரத்தச்சரான நாகஷிமா, தொடக்கக்கால மரச்சாமான்களைச் செய்ததும் இங்கேதான்.

ரேமண்டும் நாகஷிமாவும் சுண்ணாம்புப் பூச்சைத் தமிழ்க் கொத்தனாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். கான்கிரீட்டை எப்படி வார்த்தால் மேலே பூச்சே வேண்டியதில்லை என்பதை இங்குள்ளவர்களுக்குக் கொடுத்தார்கள். இருதரப்பும் கையால் கொடுத்துக் கையால் வாங்கியது. பண்பாட்டுப் பரிமாற்றம் என்பதற்கு இந்நூல் ஏற்கும் இலக்கணம் இதுவே. கோல்கொண்ட் இன்றும் ஆட்கள் வாழும் விடுதி என்பதால் முன் அனுமதி பெற்றே உள்ளே போக வேண்டும். அதுவும் ஒரு பாடம்: குடியிருக்கும் கட்டடத்தைக் குடியிருப்பவரின் சம்மதத்தோடு பார்ப்பதே முறை.

இரண்டாம் இயல்: காட்டுவோர்

காட்டுவோர் மூவகையினர்: கதை காட்டுவோர், கணக்குக் காட்டுவோர், வேலை காட்டுவோர்.

கதை காட்டுவோர் ராஜாவில் தொடங்கிச் சாபத்தில் முடிப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்பது அவர்களின் முதற்பாடம். நிழல் விழுகிறது, வெயிலில் நின்றால் யாரும் பார்க்கலாம். அந்தப் பொய்யால் ராஜராஜனுக்குப் பெருமை கூடவில்லை. 1010-இல் அந்த விமானத்தை எழுப்பிய தச்சர்களின் உழைப்புத்தான் மறைகிறது.

கணக்குக் காட்டுவோர் உயரம், எடை, ஆண்டு மூன்றையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இவை வேண்டியவைதான். ஆனால் வந்தவர் கைப்பேசியில் இரவே படித்துவிட்டார்.

வேலை காட்டுவோர் கொத்தனாரும் ஆசாரியும் ஸ்தபதியும் ஆவர். இந்தக் கல் அந்தக் கல்லின் மேல் எப்படி உட்கார்ந்தது, மழைத்தண்ணீர் எங்கே விழுந்து எப்படிப் போகிறது, இந்த விட்டத்தை மாற்றவேண்டுமென்றால் எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தொழில் தெரிந்த விருந்தாளி கேட்க நினைப்பதும் இவற்றைத்தான். ஜப்பானில் கோயில் தச்சர்களுக்குத் தனி மரபு உண்டு. அவர்களில் பெயர் பெற்ற நிஷியோகா சுனேகாசு (1908–1995) ஹோரியூஜி கோயிலின் தச்சர் குடும்பத்தவர். தாத்தாவிடம் தொழில் கற்று, யகுஷிஜி கோயிலின் மேற்குக் கோபுரத்தை 1981-இல் மீண்டும் எழுப்பியவர். அப்படிப்பட்ட மரபிலிருந்து வருபவருக்கு எதிரே நிறுத்தத் தகுந்தவர் நம் ஆசாரியே. மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்கட்டும்; பாதி நேரம் அவருக்கு வேலை இருக்காது.

மூன்றாம் இயல்: காட்டத்தக்கவை

காட்டத்தக்கவை நான்கு: அளவு, சாந்து, தூண், புதுக்குதல்.

அளவு. நம் வீடுகள் சாணும் முழமும் கோலும் கொண்டு கட்டப்பட்டவை. ஜப்பானிய வீட்டுக்கு ஷாக்கு என்ற அடி; அது ஏறக்குறைய 30.3 செ.மீ. ஆறு ஷாக்கு சேர்ந்தது ஒரு கென். தரையில் விரிக்கும் தத்தாமிப் பாய் ஏறக்குறைய ஒரு கென் நீளமும் அதில் பாதி அகலமும் கொண்டது. ஒரு ஆள் படுக்கும் இடம். இரண்டு மரபுகளும் மனித உடம்பிலிருந்து அளவை எடுத்தவை. டேப்பைக் கொடுப்பதற்கு முன் சாண் போட்டுக் காட்டவும்.

சாந்து. சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, மேல் பூச்சுக்கு முட்டை வெண்கருவும் கலந்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவது நம் வழக்கம். ஜப்பானிய ஷிக்குயிப் பூச்சிலும் அடிப்படை சுண்ணாம்புதான். கடற்பாசியைக் காய்ச்சிய பசையையும் சணல் போன்ற நாரையும் அதில் சேர்க்கிறார்கள். நமக்குக் காட்டில் கிடைத்ததை நாம் சேர்த்தோம், அவர்களுக்குக் கடலில் கிடைத்ததை அவர்கள் சேர்த்தார்கள். இரண்டு கொத்தனார்களை ஒரு சாந்துத் தொட்டிக்கு முன் நிறுத்தினால் அங்கே நடப்பது எந்தக் கருத்தரங்கிலும் நடக்காது.

தூண். திண்ணைத் தூணின் அடியைக் குனிந்து பார்க்க வேண்டும். மரம் மண்ணைத் தொடுவதில்லை. கீழே கல் பீடம். அதன் தலையைச் சமமாகக் கொத்தி, தூண் அதன்மேல் நிற்கும். ஈரமும் கரையானும் ஏறாது. பழைய ஜப்பானிய வீடுகளிலும் தூண் கல்லின் மேல்தான் நிற்கிறது. ஆனால் அங்கே கல்லைக் கொத்துவதில்லை. ஆற்றுக்கல்லோ மலைக்கல்லோ கிடைத்தபடி கிடக்கும். அதன் மேடு பள்ளத்துக்கு ஏற்ப மரத்தின் அடியைச் செதுக்கி உட்கார வைக்கிறார்கள். கல்தச்சு ஓங்கிய நாட்டில் கல் வளைந்துகொடுத்தது. மரத்தச்சு ஓங்கிய நாட்டில் மரம் வளைந்துகொடுத்தது. இந்த ஒன்றை மட்டும் இருதரப்பும் சேர்ந்து பார்த்தாலே ஒரு நாள் பயணம் பலித்துவிடும்.

அந்தத் தூண் நிற்கும் திண்ணைக்கும் எங்காவா என்ற அவர்களுடைய ஓரத் தாழ்வாரத்துக்கும் உள்ள வேற்றுமையும் காட்டத்தக்கது. கூரை நிழலில் வீட்டின் விளிம்பில் உட்கார இடம் என்பது இரண்டுக்கும் பொது. எங்காவா பெரும்பாலும் தன் தோட்டத்தைப் பார்க்கிறது. திண்ணை தெருவைப் பார்க்கிறது. முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்கும் அதில் உட்கார உரிமை உண்டு. வீட்டுக்காரன் தன் செலவில் ஊருக்குக் கட்டிக்கொடுத்த இடம் அது. இதைச் சொல்லாமல் திண்ணையைப் படம் எடுக்க விடக் கூடாது.

புதுக்குதல். ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிய மரத்தில் அப்படியே மறுபடி கட்டுகிறார்கள். 2013-இல் கட்டினார்கள், அடுத்தது 2033. நம் கோயில்களில் 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு செய்ய வேண்டும் என்பது மரபு. கல்லை வைத்துக்கொண்டு, மருந்து சாத்தி, சுதை பழுது பார்த்து, வண்ணம் புதுக்குகிறோம். பழமை என்பது பொருளில் இருக்கிறதா, கைவேலையில் இருக்கிறதா என்ற கேள்வி 1994-இல் ஜப்பானின் நாரா நகரில் உலக அளவில் விவாதிக்கப்பட்டு, அந்தந்தப் பண்பாட்டின் முறைப்படியே அதை மதிப்பிட வேண்டும் என்ற ஆவணம் உருவானது. அந்த விவாதத்தில் நமக்கும் சொல்ல விஷயம் உண்டு. சுதை வேலைக்குச் சிமெண்டும் எனாமல் பெயிண்டும் போடும் இடங்களில் கைவேலையும் போகிறது, பொருளும் போகிறது. விருந்தாளியிடம் இதை மறைக்க வேண்டாம்.

நான்காம் இயல்: சேந்தமங்கலத்தில் செய்முறை

காலையில் ஊருக்குள் தொடங்கவும். திண்ணை, நடை, ஆசாரம், தொட்டிக்கட்டு, பொடக்காலி என்று தெருவிலிருந்து பின்வாசல் வரை நடந்தே காட்ட வேண்டும். வெயில் குறைந்து குளிர் கூடுவதை உடம்பு உணர வேண்டும். தொட்டிக்கட்டின் நடுமுற்றத்தில் நின்று, நாலு பக்கத் தாழ்வாரத் தண்ணீரும் எந்த வழியாக வெளியேறுகிறது என்று விருந்தாளியையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். கூரையைக் காட்டும்போது நாட்டு ஓட்டைப் பிரித்து மேயும் ஆளைக் கூப்பிட்டு வைத்திருக்க வேண்டும்.

அடுத்து நாமக்கல். பாறையைக் குடைந்து அதியர் மரபினர் அமைத்த நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகள் கீழே. மேலே கோட்டை. அதைக் கட்டியவர் சேந்தமங்கலம் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர் என்று ஒரு கருத்து, மைசூர் அதிகாரி ஒருவர் என்று இன்னொரு கருத்து. இரண்டையும் சொல்லிவிட்டு, ஒரே பாறையில் குடைந்தவர் கல்லை எடுத்தார், கட்டியவர் கல்லை ஏற்றினார் என்பதைக் காட்டினால் போதும்.

மூன்றாவது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டுக்குப் போக வேண்டும். அறப்பளீஸ்வரர் கோயிலோடும் அருவியோடும் திரும்பிவிடக் கூடாது. மலையாளி எனப்படும் இம்மலைப் பழங்குடி மக்களின் பழைய வீடுகள் மண்சுவரும் புல்வேய்ந்த கூரையும் கொண்டவை. அவை ஓட்டுக்கும் தகர ஷீட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் மாறி வருகின்றன. புல் மேய்வது தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அதைப் பார்க்க வேண்டும். ஜப்பானின் ஷிராகவாகோ கிராமத்தில் பனி வழிய ஏறக்குறைய 60 டிகிரிச் சாய்வில் புற்கூரை போட்ட வீடுகள் உண்டு. ஊரே திரண்டு ஒரு வீட்டின் கூரையை மேயும் கூட்டுழைப்பு முறை அங்கே காப்பாற்றப்பட்டிருக்கிறது. அந்தக் கிராமம் 1995-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. அந்த ஊரின் கட்டடக் கலைஞர் ஒருவர் வந்தால் நம் மலைக்காரர்களோடு ஒரு கூரையை மேயட்டும். பேச்சு அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் இயல்: குற்றம்

காட்டுவோர் விலக்க வேண்டிய குற்றங்கள் ஐந்து.

ஒன்று, மாலையும் சால்வையும் காலை வெளிச்சத்தைத் தின்ன விடுதல். மரியாதை ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும். இரண்டு, தொடவிடாமை. தூணையும் பூச்சையும் கையால் தடவாதவர் கட்டடத்தைப் பார்த்தவர் ஆகார். சுவரோவியமும் கருவறையும் இதற்கு விலக்கு. மூன்று, வீட்டுப் பெண்களைக் கேளாமை. எந்த மூலையில் ஒழுகும், எந்த ஜன்னலில் காற்று வரும் என்பதில் அவர்கள் வாக்கே பிரமாணம். நான்கு, கூலி கொடாமை. காட்ட வந்த கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் அன்றைய கூலி அன்றே கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது பெருங்குற்றம், வரைபடத்தை வீட்டில் விடாமல் போதல். 1960-களிலிருந்து ஜப்பானிய மாணவர்கள் தங்கள் பழைய ஊர்களுக்குப் போய் வீடுவீடாக அளந்து வரைந்தார்கள். அந்தப் பழக்கம் வரும் விருந்தாளிக்கும் இருக்கும். அவர் நிச்சயம் அளப்பார், வரைவார். அந்த வரைபடத்தின் ஒரு பிரதி வீட்டுக்காரர் கைக்கு வர வேண்டும், இன்னொன்று ஊர் நூலகத்துக்குப் போக வேண்டும். நம் பழைய வீடுகளில் பலவற்றுக்கு வரைபடமே கிடையாது. இடிந்தால் நினைவில்கூட மறுபடி கட்ட முடியாது.

முடிபு

இந்நூலின் கருத்து ஒன்றே. கட்டடத்தை அதன் வேலையால் காட்ட வேண்டும். வேலை தெரிந்தவரே காட்ட வேண்டும். வந்தவர் கையும் அதில் பட வேண்டும். கோல்கொண்ட் எழுந்தது இப்படித்தான். அதற்கு ஆசிரமமும் நிஜாம் அரசின் பணமும் தேவைப்பட்டன. சேந்தமங்கலத்துக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு கொத்தனார், ஒரு ஆசாரி, கூரை மேயத் தெரிந்த ஒரு பெரியவர், வீட்டைத் திறந்துவிடச் சம்மதிக்கும் ஒரு குடும்பம், இரண்டு பிரதி வரைபடம் எடுக்கும் செலவு ஆகியவை போதும். இவற்றை ஒரு பெயர்ப்பட்டியலாக ஊராட்சியோ பள்ளியோ இந்த ஆண்டே எழுதி வைத்துக்கொள்ளலாம். விருந்தாளி எப்போது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அந்தப் பட்டியல் ஊருக்கு உதவும்.