கடல் பார்த்த வீடு

தாய்லாந்தின் சமுய் தீவில் சொத்துப் பிரித்த கதை ஒன்று உண்டு. ஊர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேட்டுப்பக்கத் தென்னந்தோப்பு ஆண்பிள்ளைகளுக்கு. கடலோர மணலில் என்ன விளையும்? அது பெண்பிள்ளைகளுக்கும், சொன்ன பேச்சு கேட்காததுகளுக்கும். 1970களின் தொடக்கம் வரை தீவைச் சுற்றிவர ஒழுங்கான சாலைகூடக் கிடையாது. அந்த மணலைச் சீந்த ஆளில்லை. பிறகு முதுகில் மூட்டையோடு வெள்ளைக்காரப் பையன்கள் வந்தார்கள், 1989இல் விமான நிலையம் வந்தது, மணல் விலை தோப்பு விலையைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அண்ணன்மார் இன்னும் தேங்காய் எண்ணிக்கொண்டிருக்க, தங்கைமார் விடுதிக்காரர்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுக் காலாட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்காரம்மா அப்படி ஒரு கடைக்குட்டித் தங்கை. லமாய்ப் பக்கம் தனக்கு வந்த மணலில் ஒரு மரவீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். 2010இல் அதற்குக் குடிவந்தோம். வாடகையைக் கேட்டதும் என் கணவர் முகம் சுருங்கியது. ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்ததும் விரிந்தது.

வீட்டுக்காரம்மா குடியிருந்ததோ மலையடிவாரத்தில், அண்ணன் தோப்புக்குப் பக்கத்தில். "எதற்கு இங்கே? மேலே எனக்கு இன்னொரு வீடு இருக்கிறது, சிமெண்ட் வீடு, பாதி வாடகைதான்" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். பாவம், கடலின் அருமை தெரியாத மனுஷி.

இத்தனைக்கும் நாங்கள் இருவரும் நாகர்கோவில்காரர்கள். கன்னியாகுமரியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சூரியோதயத்துக்காக நிற்கிற வடநாட்டுக் கூட்டத்தைப் பார்த்து, "இவங்க ஊர்ல சூரியன் உதிக்காதோ?" என்று கேலி பேசி வளர்ந்தவர்கள். இவர் ஒரு விடுதியில் பராமரிப்புப் பொறியாளர்; ஜெனரேட்டர், பம்ப், ஏசி எல்லாம் இவர் பாடு. நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பிழைப்புக்கு வந்தவர்கள்தான். ஆனால் லமாயில் அலாரம் வைத்து எழுந்து, தேநீரும் கையுமாக மணலில் உட்கார்ந்து சூரியனை வரவேற்றோம். அம்மாவுக்கு போட்டோ அனுப்பினால், "முட்டத்துக்கு வா வான்னு விளிச்சா வெயிலுன்னு சொல்லுவே, இப்ப என்ன மக்ளே?" என்பாள்.

கடல் முதலில் கை வைத்தது கதவுக் கீலில். அப்புறம் இரும்புத் தோசைக்கல், ஸ்கூட்டரின் சைலன்சர், மிக்ஸி ஜாரின் அடிப்பாகம் என்று துரு வரிசையாக வந்தது. ஒரு தீபாவளிக்குக் கல்யாணப் பட்டை எடுத்து விரித்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் ஜரிகை கறுத்து, ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு கிழித்த மாதிரி இருந்தது. விரலால் தேய்த்தால் விரலும் கறுத்தது. இவர் புடவையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கொரோஷன்" என்று அறிக்கை கொடுத்தார். எபாக்சி பூசலாமா என்று கேட்காத குறைதான்.

இப்போது நாங்கள் இருப்பது மேலே உள்ள அந்தச் சிமெண்ட் வீட்டில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் தென்னை, அதற்கும் பின்னால் கடல் இருப்பதாக கூகுள் மேப் சொல்கிறது. கீல் சத்தம் போடுவதில்லை. மேலே வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடற்கரைக்குப் போய்விட வேண்டும் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். அந்த ஞாயிறுகளைத் துணி துவைப்பு எடுத்துக்கொண்டது.

2012 டிசம்பரில் கடலுக்கடியில் வரும் மின்கம்பி பழுதாகி, தீவு முழுவதும் மூன்று நாள் இருட்டு. இவர் விடுதி ஜெனரேட்டரோடு ஐக்கியமாகிவிட்டார். நான் வீட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பரீட்சைத் தாள் திருத்தினேன். பக்கத்து வீடுகளில் குளிர்பெட்டியில் இருந்த மீனும் இறாலும் கெட்டுவிடுமே என்று வாசலில் கரி அடுப்பு மூட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சுட்டுக் கொடுத்தார்கள். முதல் ராத்திரி வானத்தில் அவ்வளவு நட்சத்திரம். ஊருக்குப் போனபோதெல்லாம் அந்த மூன்று நாளைப் பற்றிக் கதை கதையாய்ச் சொல்லியிருக்கிறோம். போன மாதம் வைஃபை கொஞ்ச நேரம் வரவில்லை. இவர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்த நடையைப் பார்த்தால், வீட்டில் யாருக்கோ பிரசவ வலி என்று நினைப்பார்கள்.

சாப்பாட்டு விஷயம் இதைவிட மோசம். அன்றைக்குத் தீவில் துவரம்பருப்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. பாசிப்பருப்பு கிடைத்தது, தாய்லாந்துக்காரர்கள் அதில் பலகாரம் செய்வார்கள். அதை வைத்தே சாம்பார் ஒப்பேற்றினேன். பாங்காக்கிலிருந்து யாராவது இரண்டு கிலோ துவரம்பருப்பு கொண்டுவந்தால் அன்று வீட்டில் விசேஷம். கறிவேப்பிலைக் கன்று ஒன்றைத் தொட்டியில் வைத்து, பிள்ளை வளர்ப்பது போல் வளர்த்து, தாளிக்கும்போது இலையை எண்ணிப் போட்டேன். சந்தையில் ஓர் அம்மாள் குழிச்சட்டியில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றிச் சுடுகிற கனொம் க்ரொக் மட்டும்தான் ஆறுதல். அடி முறுகி, நடுவில் இளகி, நம் குழிப்பணியாரத்துக்குச் சித்தி மகள் என்று சத்தியம் செய்யலாம். மேலே வெங்காயத்தாள் தூவித் தருவார். அயிலை மீனுக்குக் கேட்கவே வேண்டாம். பிளா தூ என்று மூங்கில் கூடையில் தலை வளைத்து அடுக்கி வைத்திருப்பார்கள். கூடையில் இருப்பது ஏற்கெனவே வெந்தது என்று தெரிந்துகொள்வதற்குள் ஒரு நாள் குழம்பு கஞ்சியாகிவிட்டது.

இன்று போனில் அழுத்தினால் துவரம்பருப்பு, பெருங்காயம், இட்லி ரவை எல்லாம் வாசலில் வந்து இறங்குகிறது. அலமாரியில் மூன்று வகைப் பருப்பு இருக்கிறது. ஒன்றில் வண்டும் இருக்கிறது. கறிவேப்பிலை மரமாகிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இவர் கேட்பது பச்சைப்பப்பாளி சோம் தாமும் கோழி வறுவலும்.

குரங்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் அம்மா கோபிப்பாள். இந்தத் தீவில் தேங்காய் பறிக்கக் குரங்கைப் பழக்குவார்கள். கழுத்தில் நீளக் கயிறு, கீழே உரிமையாளர். அது மேலே போய் முற்றிய காயாகப் பார்த்துத் திருகித் தள்ளும். அன்றைக்கு அதை வீடியோ எடுத்து அனுப்பினேன். அம்மா பார்த்துவிட்டு, "ஒண்ண இஞ்ச அனுப்பி வை மக்ளே, தேங்கா வெட்ட ஆளு கெடைக்கல்ல. கூலி எவ்வளவு கேக்கும்?" என்று கேட்டாள். 2020இல் பிரிட்டனில் பெரிய கடைகள் சில, குரங்கு பறித்த தேங்காயின் பாலை விற்க மாட்டோம் என்று அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. வீட்டுக்காரம்மாவின் அண்ணன் இப்போதெல்லாம் குரங்கைச் சாலையோரத் தோப்புக்குக் கொண்டுவருவதில்லை. கேமராவோடு நிற்பவர் ரசிக்கிறாரா, புகார் எழுதுகிறாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லையாம்.

சித்திரை ஒன்றும் தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரானும் ஒட்டியே வரும். ஏப்ரல் 13 முதல் 15 வரை. முதல் வருஷம் விடியற்காலையில் கனி வைத்து, கொன்றைப்பூ, கண்ணாடி, நாணயம் எல்லாம் பார்த்துக் கும்பிட்டு, புதுப்புடவையோடு தெருவில் இறங்கினேன். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வாளி ஐஸ் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தான். அடுத்த வீட்டு ஆயா கன்னத்தில் வெள்ளை மாவைப் பூசி, நன்றாக இருக்கணும் என்று வாழ்த்தினார். நாங்களும் வாளி வாங்கி, ஒருவரை விடாமல் நனைத்து, பொழுது சாய வீடு திரும்பினோம். இப்போது 12ஆம் தேதியே காய்கறி வாங்கிப்போட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஒரு தடவை மட்டும் வெளியே இறங்குவோம்: வீட்டுக்காரம்மா வீட்டுக்குப் போய், மல்லிகை மிதக்கும் தண்ணீரை அவர் உள்ளங்கையில் ஊற்றி ஆசி வாங்க. ஏப்ரலில் தண்ணீர் லாரிக்கு போன் போட்டுக் காத்திருக்கும் நேரத்தில் இத்தனை தண்ணீரை ரோட்டில் கொட்டுகிறார்களே என்று இவர் முணுமுணுப்பார். வாளி வாங்கிய கதையை நான் ஞாபகப்படுத்துவதில்லை.

அடைமழை மட்டும் மாறவில்லை. அந்தப் பக்கம் புக்கெட்டில் மழை ஓயும் வேளையில் இங்கே தொடங்கும். நம்முடைய அதே வடகிழக்குப் பருவமழை, அதே ஐப்பசி கார்த்திகை. இந்த ஒரு விஷயத்தில் அம்மாவும் நானும் போனில் சரிக்குச் சமமாகப் பேசிக்கொள்வோம்.

2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து அறிவித்தது. ஊரில் எங்களுக்கு இவ்வளவு சொந்தம் இருப்பதே அதற்குப் பிறகுதான் தெரிந்தது. போன விடுமுறைக்கு இவருடைய அக்கா, எனக்கு மைனி, மகள் குடும்பத்தோடு வந்திறங்கினாள். பன்னிரண்டு மீட்டர் உயரப் பெரிய புத்தரைக் கும்பிட்டாள். குனாராம் கோயிலில், 1973இல் தியானத்தில் இருந்தபடியே உயிர்விட்ட துறவியின் உடல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. மைனி கூசவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு மூட்டுவலிக்கு வேண்டிக்கொண்டாள். லமாயில் தாத்தா பாறை, பாட்டி பாறை என்று இரண்டு இருக்கின்றன. அவற்றின் வடிவத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இதையா சின்னப் பிள்ளைய கூட்டிட்டு வந்து காட்டுகே?" என்று என்னைத்தான் முறைத்தாள். மருமகளுக்கோ இந்தப் பாறை எதுவும் வேண்டாம். 'தி ஒயிட் லோட்டஸ்' தொடரின் மூன்றாம் சீசன் எடுத்த இடம் எது, அதில் நடித்த லிசா வந்தது எந்த ஓட்டல் என்பதே கேள்வி.

பழைய மரவீட்டைக் காட்டலாம் என்று இவருக்கு ஆசை. வீட்டுக்காரம்மா அந்த இடத்தை நீண்ட குத்தகைக்கு விட்டுவிட்டார். மரவீடு போய், வெள்ளைச் சுவரோடு ஒரு வில்லா நின்றது. கடலுக்குப் பத்தடி தள்ளி நீச்சல் குளம். குளத்துக்குள் நின்ற இரண்டு பேர், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் பக்கத்தில் நின்று, இங்கேதான் சூரியோதயம், இங்கேதான் தேநீர் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று மருமகள் கேட்டாள். வெயில் ஏறிவிட்டது, போகலாம் என்றார்.

மைனி கடலை ஒரு பார்வை பார்த்தாள். "ஏ பிள்ளே, இதப் பாக்கவா இவ்வளவு துட்டு செலவழிச்சு வந்தோம்? முட்டத்துல இல்லாத கடலா?"

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் மாக்ரோ என்கிற மொத்த விற்பனைக் கடைக்குக் கூட்டிப்போனேன். மலை மாதிரிக் குவித்த டூரியனையும், ஆள் உயரத்துக்கு அடுக்கிய அரிசி மூட்டையையும், கண்ணாடித் தொட்டியில் உயிரோடு நீந்துகிற மீனையும் பார்த்து வாயைப் பிளந்தாள். புத்தருக்கு எடுத்ததைவிட அங்கே எடுத்த போட்டோதான் அதிகம். அத்தனையையும் குடும்ப குரூப்பில் போட்டு, கீழே 'தாய்லாந்து' என்று எழுதினாள்.