கூடு சார்

பங்குனி பிறந்தால் ஏரிக்கரையில் அவரைப் பார்க்கலாம். இலைதழை அச்சடித்த சட்டை, அதே துணியில் தொப்பி, லென்ஸுக்கும் அதே துணியில் உறை. காட்டோடு காடாக மறைந்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. பொட்டல் கரையில் ஒரு புதர் மட்டும் நடந்து போவதை ஆடு மேய்க்கிற பையன்கூட நின்று பார்ப்பான்.

அவனுக்கும் முந்திக்கொள்வது ஆள்காட்டிக் குருவி. கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லா முட்டையா என்று தெரியாதபடி நாலு முட்டை இட்டிருக்கும் அந்தப் பறவை, அவர் தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தும்.

"பாத்தியா, வரவேற்குது!" என்பார், கூட வந்த சீடனிடம்.

"முட்டை எங்க சார்?"

"காலை நகத்தாத. அங்கதான்."

அடுத்த ஞாயிறு தையல்சிட்டு. இலைகளைச் சேர்த்துச் சிலந்தி நூலால் தைத்து, உள்ளே பஞ்சு பரப்பிக் குஞ்சு பொரித்திருக்கும். எல்லாம் அவருக்குப் பிடிக்கும், முன்னால் தொங்கும் இலையைத் தவிர. "லேசா ஒதுக்கிவிட்டா வெளிச்சம் வரும்" என்பார். வரும். கூடவே வெயிலும் குஞ்சுகள்மேல் இறங்கும். வேப்பங்கிளையில் தலையைச் சாய்த்துக் காத்திருக்கும் காகமும் இறங்கும். காகத்துக்குக் கேமரா வேண்டாம். அவருடைய லென்ஸ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

தாய்ப்பறவை அலகில் புழுவோடு எதிர்க்கிளையில் உட்கார்ந்து, கூட்டுக்குப் போகாமல் தவிக்கும். 'தள்ளிப் போங்கய்யா' என்பதை ஒரு சிட்டு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அவரோ, "என்னமா போஸ் குடுக்குது!" என்று படபடவென்று சுட்டுத் தள்ளுவார். ராத்திரி அந்தப் படம் 'தாய்மை' என்ற தலைப்போடு முகநூலில் ஏறும். இடம் கேட்டவர்களுக்கெல்லாம் கூகுள் மேப்பே அனுப்பிவைப்பார். மறுவாரம் அந்தச் செடிக்கு முன்னால் வரிசையாக டிரைபாடுகள்.

அதே ஏரிக்கு இன்னொருவரும் வருவார். காரை எட்ட நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நீள லென்ஸை ஜன்னலில் சாய்த்து உட்கார்ந்திருப்பார். கார் நிற்பதைப் பல பறவைகள் பொறுத்துக்கொள்ளும்; கதவு திறந்து மனிதன் இறங்கினால்தான் பதறும். தாய் இரையோடு தயங்கினால் வண்டியைப் பின்னுக்கு எடுப்பார். வந்து ஊட்டினால் நாலு படம் எடுப்பார், கிளம்பிவிடுவார். இடத்தை யாரிடமும் சொல்ல மாட்டார். நம்மவருக்கு அவர்மேல் ஏக இளக்காரம்: "ஏசி போட்டோகிராஃபர்!"

வேட்டை என்ற பேச்சு வந்தால் மட்டும் கூடு சார் கொதித்துப்போவார். "துப்பாக்கி தூக்குறவனை எல்லாம் உள்ள போடணும்!" போடலாம்தான். ஆனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்று சொல்பவற்றில், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடக்கம். யாராவது இதை அவரிடம் எடுத்துச் சொன்னால் கோபப்பட மாட்டார். "அப்படிச் சொல்லுங்க! இதை ஒவ்வொருத்தனும் படிக்கணும் சார்" என்று மனமார ஆமோதிப்பார். பிறகு சீடன் பக்கம் திரும்புவார்: "தம்பி, அந்தக் கத்திரிக்கோலை எடு. இன்னும் ஒரு இலை மறைக்குது."