மைனஸ் எஃப் புராணம்

பூர்வத்தில், அதாவது 1969 வாக்கில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில் என்னும் ஊரில் பெல் ஆய்வகம் என்றொரு ஆசிரமம் இருந்தது. அதில் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி என்று இரண்டு தாடிக்கார முனிவர்கள். தவம் செய்ய நல்லதாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். நிர்வாகம் வாங்கித் தராது. மல்டிக்ஸ் என்ற மாபெரும் யாகத்தில் பணத்தையும் ஆளையும் நெய்யாக ஊற்றிப் பார்த்துவிட்டு, அந்த ஆண்டுதான் ஆய்வகம் கையை உதறிக்கொண்டு எழுந்திருந்தது. இனி ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம்’ என்று எவனாவது வாயைத் திறந்தால் மேலிடத்துக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

முனிவர்களும் சகாக்களும் யோசித்தார்கள். ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவில் டைப்பிஸ்டுகள் விண்ணப்பங்களை அடித்து, திருத்தி, மறுபடி அடித்து ஓய்ந்துபோயிருந்தார்கள். அவர்களுக்கு ஆவணம் தயாரிக்க ஒரு கருவி செய்து தருவதாகவும், அதற்கு ஒரே ஒரு மெஷின் மட்டும் போதும் என்றும் விண்ணப்பம் போனது. சுமார் 65,000 டாலரில் பிடிபி-11 வந்து இறங்கியது. பொய் சொன்னார்கள் என்று யாரும் சொல்லக்கூடாது. கருவியைச் செய்தார்கள், காப்புரிமைப் பிரிவும் அதில் அடித்தது. ஆனால் அந்த மெஷினில் அமோகமாக வளர்ந்த பிள்ளைக்குப் பெயர் யூனிக்ஸ். ஆவணத்தைச் சாக்காகக் காட்டி மென்பொருள் எழுதும் வழக்கம் எந்தப் பரம்பரையில் தொடங்கியது என்பதை வாசகர்கள் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

அந்த ஆசிரமத்துக்கு டக் மெக்கில்ராய் என்றொரு குருநாதர் இருந்தார். நச்சரிப்பதில் வல்லவர். செய்ததை எழுதி வையுங்கள், எழுதி வையுங்கள் என்று அவர் விடாமல் அரித்ததன் பலனாக 1971 நவம்பர் 3 என்று தேதியிட்டு யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு வெளிவந்தது. கமாண்டின் பெயர், எப்படி அடிக்க வேண்டும், என்ன செய்யும், எந்தக் கோப்புகளைத் தொடும் என்று ஒவ்வொரு கமாண்டுக்கும் சுருக்கமான பக்கம். அதன் அடியில் ‘பக்ஸ்’ என்று ஒரு தலைப்பு: இதில் என்னென்ன கோளாறு என்று செய்தவனே எழுதித் தர வேண்டும். அதற்கும் கீழே உரிமையாளர் பெயர், யாரை உதைப்பது என்பதில் குழப்பம் வரக்கூடாதே என்று.

இன்றைக்கு எந்தக் கம்பெனியாவது தன் சரக்கின் பெட்டியில் ‘இதில் உள்ள ஓட்டைகள்’ என்று அச்சடிக்குமா? அவர்கள் அச்சடித்தார்கள். கோப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அழிக்கும் ‘டிஎஸ்டபிள்யூ’ என்ற கமாண்டின் கோளாறுப் பட்டியலில், இந்தப் பெயர் புராதன காலத்திலிருந்து தொற்றிக்கொண்டு வந்தது, கதை வேடிக்கையானது, இருந்தாலும் பெயர் உருப்படியில்லை என்று எழுதி வைத்தார்கள். அந்தப் புராதன காலம் என்பது சில ஆண்டுகளுக்கு முன்னால்!

இந்தப் ‘பக்ஸ்’ தலைப்பின் மகிமை மெதுவாகத்தான் தெரிந்தது. தன் கமாண்டின் கோணலை விளக்கிப் பத்து வரி எழுத உட்காருகிறவனுக்கு மூன்றாவது வரியிலேயே மானம் போகும். இதை எழுதித் தொலைப்பதைவிடக் கமாண்டையே நிமிர்த்திவிடலாம் என்று தோன்றும். நிமிர்த்தினார்கள். யூனிக்ஸ் நன்றாக அமைந்ததற்கு மேதாவித்தனம் பாதிக் காரணம். மீதிப் பாதி, எழுதும்போது வந்த வெட்கம் என்பது என் கட்சி. கையேடு படிப்பவனுக்காக எழுதப்படுகிறது என்பது பொதுவான நம்பிக்கை. எழுதுகிறவனைத் திருத்துவதற்காகத்தான் அது என்று மெக்கில்ராய்க்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

இனி சில யுகங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். 1979-இல் ‘சிஎச்ரூட்’ பிறந்தது: ஒரு புரோகிராமை ஒரு டைரக்டரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, இதுதான் உலகம் என்று நம்பவைக்கும் வித்தை. புரோகிராம்களைத் தனித்தனி அறையில் அடைத்து ஓட்டும் கன்டெய்னர் குலத்தின் மூதாதை இதுவே. குனு என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பக்தர்கள் வந்து, ‘மேன்’ எனப்படும் அந்தக் கையேட்டுப் பக்கங்களை மட்டம்தட்டி ‘இன்ஃபோ’ என்ற புதுக் கோயிலைக் கட்டினார்கள். மேன் பக்கத்தைத் திறந்தவரை வாசலிலேயே நிறுத்தி, முழு விவரம் இன்ஃபோவில் இருக்கிறது, அங்கே போ என்றார்கள். அங்கே நடமாட ஈமாக்ஸ் என்ற எடிட்டரின் மந்திரங்கள் தெரிந்திருக்க வேண்டும்; தெரியாத சாமானியர்கள் வாசலோடு திரும்பி வந்து பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டார்கள். 2000-இல் யூனிக்ஸ் வம்சத்து ஃப்ரீபிஎஸ்டி ஆட்கள் ‘ஜெயில்’ கட்டினார்கள், ஒழுங்கான கையேட்டுடன். ஒழுக்கமானவர்களைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது? 2008-இல் லினக்ஸுக்குள் புரோகிராம்களுக்கு வளங்களைப் பங்கிடும் ‘சிகுரூப்’ வந்தது, அதே ஆண்டு எல்எக்ஸ்சி என்ற கன்டெய்னர் கருவி வந்தது. கன்டெய்னருக்கு வேண்டிய பண்டம் எல்லாம் சமையலறையில் சேர்ந்துவிட்டது. பரிமாறத்தான் ஆள் இல்லை.

2013 மார்ச்சில் ஆள் வந்தார். கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் பைகான் மாநாடு. டாட்கிளவுட் என்ற சின்னக் கம்பெனியின் சாலமன் ஹைக்ஸ், டாக்கர் என்ற கன்டெய்னர் கருவியைக் காட்ட ஐந்து நிமிடப் பேச்சுக்கு மேடை ஏறினார். ‘டாக்கர் ரன்’ என்று தொடங்கும் ஒரே வரியை அடித்தார். திரையில் ‘ஹலோ வேர்ல்டு’ வந்தது. அவ்வளவுதான். முப்பது ஆண்டுக்கு மேலாகச் சமையலறையில் கிடந்த பண்டம் அன்றைக்குத்தான் இலைக்கு வந்தது. இதற்குக் கையேடு எதற்கு என்ற எண்ணமும் அன்றைக்கே வந்திருக்க வேண்டும்.

டாக்கரின் கமாண்டுப் பெயர்களில் பல யூனிக்ஸ் தாத்தா சொத்து: பிஎஸ், ஆர்எம், கில், சிபி. பெயரை வாங்கிக்கொண்டவர்கள் வெட்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை. ‘மைனஸ் எஃப்’ என்ற ஓர் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘டாக்கர் பில்டு’ சொன்னால் அது கோப்பைக் குறிக்கும். ‘டாக்கர் பிஎஸ்’ சொன்னால் வடிகட்டி. ‘டாக்கர் லாக்ஸ்’ சொன்னால் பதிவுகளைத் தொடர்ந்து காட்டு என்று அர்த்தம். ‘டாக்கர் ஆர்எம்’ சொன்னாலோ, ஓடிக்கொண்டிருப்பதையும் ஈவிரக்கமில்லாமல் கொன்று அள்ளிப் போடு என்று அர்த்தம். பார்ப்பதற்கும் கொல்வதற்கும் ஒரே எழுத்து. முன்னால் வரும் சொல்லை அரைத் தூக்கத்தில் மாற்றி அடித்தவரின் கதி அவரவர் பூர்வ புண்ணியம்.

உதவி கேட்கலாமே என்றால், உலகமே ‘மைனஸ் எச்’ அடித்துத்தான் உதவி கேட்கும். ‘டாக்கர் ரன்’னுக்குப் பின்னால் ‘மைனஸ் எச்’ அடித்தால், கன்டெய்னருக்கு என்ன பெயர் வைக்கலாம், அதைச் சொல்லவில்லையே என்று கடிந்துகொள்ளும். அங்கே அந்த எழுத்து ‘ஹோஸ்ட்நேம்’ என்பதற்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. முழுகிக்கொண்டிருக்கிறவன் கையை நீட்டினால், முதலில் குழந்தைக்குப் பெயர் சொல் என்கிறது.

‘ஹெல்ப்’ என்று முழுசாக எழுதிக் கேட்டவர்களுக்கு நூறை ஒட்டிய ஆப்ஷன்கள் அகரவரிசையில் அணிவகுத்து வந்தன. தினமும் வேண்டிய நாலைந்தும், ஆயுளில் ஒருமுறை வேண்டியவையும் தோளோடு தோள் சேர்ந்து நின்றன. விளக்கங்களோ அபாரம். ‘யுடிஎஸ்’ என்ற ஆப்ஷனுக்கு நேரே என்ன எழுதியிருந்தது? பயன்படுத்த வேண்டிய யுடிஎஸ் நேம்ஸ்பேஸ். ‘ஐபிசி’க்கு? பயன்படுத்த வேண்டிய ஐபிசி முறை. மாமியார் என்பவர் யார் என்று கேட்டதற்கு, மருமகளுக்கு மாமியாராக இருப்பவர் என்று பதில் வந்தது போல.

அவர்களுக்கு விளக்கி எழுதத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பெயர் வைக்காத கன்டெய்னருக்கு டாக்கரே ஒரு பெயர் சூட்டும்: முன்னால் ஒரு குணம், பின்னால் ஒரு விஞ்ஞானி. அந்த விஞ்ஞானிகள் பட்டியலில் நம் ராமானுஜன் உண்டு, சி.வி. ராமன் உண்டு, சந்திரசேகர் உண்டு, அப்துல் கலாமும் உண்டு. குணங்களில் பசி, தூக்கம், சோகம், எல்லாமே இருந்தன. ஆகையால் உலகின் ஏதோ ஒரு மூலையில் சர்வர் ஒன்றில் பசித்த ராமனும் தூங்கி வழியும் ராமானுஜனும் வேலை பார்த்திருக்க வாய்ப்புண்டு. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கோடில் ஒவ்வொரு விஞ்ஞானிக்கும் மேலே அவர் யார், என்ன சாதித்தார் என்று அழகான சிறுகுறிப்பு எழுதி, விக்கிப்பீடியா இணைப்பும் சேர்த்திருக்கிறார்கள். சலிப்பூட்டும் வோஸ்னியாக் என்ற பெயர் மட்டும் தப்பித் தவறியும் வரக்கூடாதென்று தனி நிபந்தனை போட்டு, ஆப்பிள் புகழ் ஸ்டீவ் வோஸ்னியாக் சலிப்பூட்டுபவர் அல்லர் என்று காரணமும் பதிவுசெய்திருக்கிறார்கள். ராமானுஜனுக்கு இரண்டு வரி, வோஸ்னியாக்கின் மானத்துக்கு ஒரு வரி; யுடிஎஸ்ஸுக்கு மட்டும் மை தீர்ந்துவிட்டது. ரிட்சியும் தாம்ப்ஸனும்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். முதல் கையேட்டை எழுதியவர்களுக்குக் கையேடில்லா நாட்டில் கிடைத்த மரியாதை.

குறை சொல்லும்போது நிறையையும் சொல்லவேண்டும். 2014-இல் ரெட் ஹேட் கம்பெனி ஊழியர் ஒருவர் டாக்கருக்கு மேன் பக்கங்களைத் தொகுத்துக் கொடுத்தார். அந்த விவரம் வரலாறு என்ற தலைப்பில் அந்தப் பக்கங்களின் அடியில் நின்றது. ‘டாக்கர் ரன்’னுக்கு உதாரணங்களோடு கையால் எழுதிய நீண்ட விளக்கமும் வந்தது, நிஜமாகவே நல்ல எழுத்து. ஆனால் அந்த ஆவணங்களுக்கு வாடகைக்காரர் யோகம். முதலில் ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியின் வீட்டில் இருந்தன. 2014-இல் எம்கேடாக்ஸ், அடுத்த ஆண்டு ஹியூகோ, அதற்கடுத்த ஆண்டு ஜெக்கில், 2023-இல் மறுபடி ஹியூகோ. பாத்திரம் பண்டம் தூக்கி வீடு மாறுவதில் தெரிந்த சுறுசுறுப்பில் கால்வாசியை அந்த ‘ஹெல்ப்’ வரிகளில் காட்டியிருக்கலாம். இந்தக் கூத்துக்கெல்லாம் முன்பே, நீண்ட மேன் பக்கங்களைப் பார்த்துப் பொறுமையிழந்த சிலர் 2013 கடைசியிலேயே ‘டிஎல்டிஆர்’ என்று தனிக்கடை போட்டார்கள். ஒரு கமாண்டுக்கு ஒரு பக்கம், உதாரணங்கள் மட்டும். 1971-க்கே திரும்பிப் போனார்கள் என்றும் சொல்லலாம், கோளாறுப் பட்டியலை மட்டும் விட்டுவிட்டு.

2017 ஜனவரியில் 1.13 பதிப்போடு டாக்கருக்கு ஞானோதயம். மேல்மட்டக் கமாண்டுகள் நாற்பதைத் தாண்டிவிட்டதால் ஜாதகம் பார்த்துக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தார்கள்: கன்டெய்னர் குடும்பம், இமேஜ் குடும்பம். குப்பை அள்ள ‘சிஸ்டம் ப்ரூன்’ என்று ஒரு கமாண்டு வந்தது. அது எதையெல்லாம் அழிக்கப் போகிறது என்று முதலில் பட்டியல் வாசித்து, சம்மதமா என்று கேட்கும். விளக்கத்தைக் கையேட்டில் ஒளித்துவைக்காமல் கத்தியை ஓங்குகிற இடத்திலேயே சொன்ன அந்த ஒன்றுக்காகப் பல பாவங்களை மன்னிக்கலாம். ‘டாக்கர் பிஎஸ்’ என்று பழகிய ஜனங்களோ ‘டாக்கர் கன்டெய்னர் எல்எஸ்’ என்று நீட்டி முழக்க மறுத்துவிட்டார்கள். பழையதும் வேலை செய்தது, புதியதும் வேலை செய்தது. ஆவணம் எழுதுகிறவருக்கு இரட்டை வேலை.

இதற்கிடையில் ‘ஹெல்ப்’ வரிகளிலிருந்தே பக்கங்களைத் தானாக உற்பத்தி செய்யும் வித்தையும் பரவிவிட்டது. கோடும் கையேடும் இனி முரண்படாது என்று மகிழ்ந்தார்கள். முரண்படவில்லைதான். கோடுக்குள் இருக்கும் அசட்டு வரி அட்சரம் பிசகாமல் கையேட்டிலும் வந்து உட்கார்ந்தது. எழுத உட்கார்ந்தால்தானே வெட்கம் வரும்? இங்கே யாருமே உட்காரவில்லை.

ரெட் ஹேட்டில் பங்காளி பாட்மேன் பிறந்தது. டாக்கருக்குப் பதில் பாட்மேன் என்று ஒரு அலையஸ், அதாவது மாற்றுப்பெயர், போட்டுக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அப்படியே நடக்கும் என்பது அதன் விளம்பரம். மேன் பக்கங்கள் விஷயத்தில் இவர்கள் ஆசாரசீலர்கள். ஆனால் ஒரே ஆப்ஷன் ரன், கிரியேட், பில்டு, பாட் கிரியேட் என்று பல கமாண்டுகளில் வருவதால், ஒரே பத்தியை எல்லாப் பக்கத்திலும் நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் திருத்தியது மற்ற இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஒரே ஆப்ஷனுக்குப் பக்கத்துக்கொரு பாடபேதம் முளைத்தது. 2022-இல் ஒவ்வொரு ஆப்ஷனையும் தனிக் கோப்பில் எழுதி, வேண்டிய பக்கங்களில் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. நன்னூலுக்குப் பதிப்பு பார்க்கிறவர் பொறுமை அதற்கு வேண்டும். யாரோ அதைக் காட்டியிருக்கிறார்கள்.

இது தவிர ஒரு காவல்காரரையும் நியமித்திருந்தார்கள்: பெர்ல் மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட். கோ மொழியில் எழுதிய இளவட்ட மென்பொருளை, 1987-இல் பிறந்த பெர்ல் கிழவர் வாசலில் மடக்கி நிறுத்தி, ‘ஹெல்ப்’பில் சொன்ன ஆப்ஷன் மேன் பக்கத்தில் உண்டா, மேன் பக்கத்தில் சொன்னது ‘ஹெல்ப்’பில் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒன்று குறைந்தாலும் உள்ளே விடமாட்டார். மெக்கில்ராய் நச்சரித்ததைத் தானியங்கியாக்கினால் கிடைப்பது இதுதான்.

நச்சரிப்பு வந்துவிட்டது, நிமிர்த்தும் உரிமை வரவில்லை. மர்ரே ஹில்லில் எழுதக் கூசினால் கமாண்டை மாற்றிவிடலாம். பாட்மேன்காரர் அப்படி மாற்றினால் அலையஸ் போட்ட ஊரெல்லாம் உடைந்துபோகும். ஆகவே டாக்கரின் கோணல்கள் அத்தனையும் இங்கேயும் சீதனமாக வந்திருக்கின்றன: நாலு மைனஸ் எஃப்பும் அதே நாலு அர்த்தத்தில், ‘பாட்மேன் ரன்’னில் மைனஸ் எச் அதே ஹோஸ்ட்நேமாக. மேன் பக்கத்தில் அதற்குச் சுத்தமான, தெளிவான ஒரு பத்தி இருக்கிறது. பெர்ல் கிழவர் சரிபார்த்து உள்ளே அனுப்பிவிட்டார்.