ஒட்டும் வெட்டும்: காரின் மேனியில் படிந்த அயல் சாயத்தை அகற்றும் முறை பற்றிய ஓர் ஆய்வு

காரின் மேனியில் திடீரெனத் தோன்றும் அயல்நிறக் கோடுகள் இருவகைப்படும்: ஒன்று ஒட்டு, மற்றது வெட்டு. பிற வண்டியோ சுவரோ தூணோ தன் சாயத்தைக் காரின்மேல் விட்டுச் செல்வது ஒட்டு. காரின் சாயத்தைத் தன்னோடு கொண்டுபோவது வெட்டு. முன்னது வரவு, பின்னது செலவு. ஒரே உரசலில் இரண்டும் நிகழ்ந்தால் அது கலப்பு எனப்படும். இருவகை என்று தொடங்கிய ஆய்வுகளில் மூன்றாவது ஒன்று வந்து சேர்வது இயல்பே. இக்கட்டுரையின் எல்லை ஒட்டு மட்டும். வெட்டு, டிங்கரிங் கடையின் ஆட்சிக்கு உட்பட்டது.

ஒட்டின் பிறப்பிடத்தை நிறமும் உயரமும் காட்டிக்கொடுக்கும். சென்னையில் மஞ்சள் கோடு என்றால் முதல் ஐயம் ஆட்டோவின்மேல் விழுவது மரபு. மஞ்சளோடு கறுப்பும் சேர்ந்து, இடுப்பளவு உயரத்தில் தீற்றியிருந்தால் அடுக்ககக் கீழ்த்தளத்தின் தூணே காரணம் என்று கொள்ள இடமுண்டு. தூண் நகர்வதில்லை என்பதால் இம்முடிவை வீட்டில் எவரும் உரக்கச் சொல்வதில்லை. தொட்டால் வெள்ளையாக உதிர்வது கேட் ஓரத்து மதில். கதவின் மேல்பகுதியில் கறுப்பாக, வழவழப்பாக இழுபட்டிருப்பது பெரும்பாலும் பைக் ஹேண்டில்பாரின் ரப்பர் பிடி. அது சாயமே அன்று, மண்ணெண்ணெய் தொட்ட துணிக்கு உடனே பணிந்துவிடும்.

கோடு அழிந்தால் சான்றும் அழியும். எனவே துணியைக் கையில் எடுக்கும் முன் நாலு கோணத்தில் படம் எடுத்து வைப்பது முறை. ஆனால் அந்தப் படத்தோடு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போவதா என்பது தனிக் கேள்வி. இந்தியாவில் ஓராண்டு முழுவதும் கிளைம் எடுக்காத காருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் கழிவு. ஐந்தாண்டு தொடர்ந்தால் அது 50 சதவீதமாகும். இக்கழிவுக்கெனத் தனிப் பாதுகாப்பு வாங்கியிராதவர் ஒரு சிறு கோட்டுக்காகக் கிளைம் எடுத்தால் சேர்த்துவைத்த கழிவு பறிபோகும். போதாததற்கு 1500 சிசி வரையிலான காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் முதல் 1000 ரூபாய் உரிமையாளர் பையிலிருந்துதான் போக வேண்டும். வீட்டிலேயே துடைத்துக்கொள்பவரைக் கஞ்சர் என்பது கணக்குத் தெரியாதவர் பேச்சு.

எதன்மேல் கைவைக்கிறோம் என்பதை அடுத்து அறிய வேண்டும். இக்காலக் காரின் தகட்டின்மேல் நான்கு படலங்கள் உள்ளன: துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், கடைசியாக நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான். ஜெராக்ஸ் கடைத் தாளின் கனத்தைவிடச் சற்றே கூடுதல். அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40, 50 மைக்ரான். பளபளப்பும் அதுதான், வெயிலைத் தாங்குவதும் அதுதான். அது மெலிந்த இடத்தில் சில கோடைகள் கழித்து நிறம் வெளுத்துத் தோலுரியும். ஒட்டு என்பது இந்தப் படலத்தின்மேல் வந்து உட்கார்ந்த விருந்தாளி. அதைக் கிளப்புவது சிரமமில்லை. அவசரத்தில் திண்ணையையும் சேர்த்துப் பெயர்த்துவிடுவதே இத்துறையின் நிரந்தர விபத்து.

ஒட்டா வெட்டா என்று தீர்மானிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம், ஆள்காட்டி விரல் நகம் போதும். கோட்டுக்குக் குறுக்கே நகத்தை மெல்ல இழுக்க வேண்டும். நகம் வழுக்கினாலோ, மேடு ஏறி இறங்கினாலோ ஒட்டு. பள்ளத்தில் சிக்கினால் வெட்டு. சிக்கியும் சிக்காமலும் இருந்தால் அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்துப் பார்க்கலாம்: ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்பினால் கீறல் கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது, பாலிஷில் அடங்கும். ஈரத்திலும் பிரைமரின் சாம்பல் நிறம் தெரிந்தால் தேய்க்கத் தேய்க்கப் பெரிதாகுமே தவிரப் போகாது. தகடே தெரிந்தால் டச்-அப் பூச்சைத் தள்ளிப்போடக் கூடாது. கடலோர ஊர்களில் துரு யாரையும் கேட்டு வருவதில்லை.

அகற்றும் முறையில் கருத்து வேறுபாடுகள் மிகுதி. கார் அருகே ஒருவர் குனிந்து நிற்பதைக் கண்டதும் கூடிவிடும் ஆலோசகர்களை அவர்தம் பொருளைக் கொண்டு பிரிக்கலாம். பற்பசை மரபினரே எண்ணிக்கையில் மிக்கவர். பல்லுக்குக் கெடுதல் இல்லாதது காருக்கு மட்டும் எப்படிக் கெடுதல் ஆகும் என்பது அவர்கள் வாதம். பிழை பல்லில் இருக்கிறது: பல்லின் எனாமல் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள், கிளியர் கோட் அதன் பக்கத்தில் நிற்க முடியாத மென்மையான படலம். பற்பசையிலுள்ள கால்சியம் கார்பனேட்டோ சிலிக்காவோ கோட்டை அழிப்பது உண்மையே. கூடவே வெயிலில் மட்டும் தெரியும் நுண்கீறல் வலையையும் பின்னிவைக்கும். பற்பசையின் தேய்மானத்துக்கு 250 என்று உலகத் தர அமைப்பு வகுத்த உச்சவரம்பு, பல்லின் டென்டினை வைத்து அளந்தது. மாருதியின் கதவை வைத்து அன்று. வண்டியில் புதினா மணம் வீசுவது இம்மரபின் துணைப்பயன்.

தின்னர் மரபு வேகத்தை நம்புவது. அயல் சாயம் எது, சொந்தச் சாயம் எது என்று தின்னருக்குத் தெரியாது. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனுக்கும் தெரியாது. முன்பே ஒருமுறை கடையில் பெயின்ட் அடித்த கதவாக இருந்தால் இரண்டாம் துடைப்பிலேயே துணி அசல் நிறத்தைக் காட்டிவிடும். பெட்ரோல் மரபினரைப் பற்றிச் சொல்ல ஒன்றே உண்டு: அவர்களுக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. ஸ்ப்ரே மரபினர் டபிள்யூடி-40 டப்பாவோடு வருவார்கள். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவான அத்திரவம் அட்லஸ் ஏவுகணையின் மேற்தகட்டைத் துருவிலிருந்து காத்தது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் பெயரில் 40. சாயத்தை இளக்குவது அதிலுள்ள பெட்ரோலியக் கரைப்பான். அதே குடும்பத்து மண்ணெண்ணெயோ மினரல் டர்பன்டைனோ கிடைத்தால் ஏவுகணை வரை போக வேண்டியதில்லை.

செயல்முறை நிழலில் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் நின்ற பானட்டின்மேல் எதைத் தடவினாலும் துடைக்கும் முன் காய்ந்து கறையாகும். தகடு கைக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் கார் ஷாம்பூவால் அந்தப் பகுதியை நன்றாகக் கழுவ வேண்டும். புழுதியோடு தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான். துணி மைக்ரோஃபைபராக இருப்பது நல்லது. மெக்கானிக் கடைகளுக்குத் திருப்பூர் அளித்த கொடையான பனியன் வேஸ்ட் கை துடைக்க உத்தமம்; அதன் தையல் ஓரங்களைக் கிளியர் கோட் மன்னிப்பதில்லை.

துணியை ஆள்காட்டி விரலில் சுற்றி, நுனியில் மண்ணெண்ணெய் தொட்டு, கோட்டின்மேல் அரை நிமிடம் ஒற்றி வைத்து, பிறகு கோட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும். அழுத்தம் விரலுடையதாக இருக்கட்டும், தோளுடையதாக வேண்டாம். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை துணியைத் திருப்பிப் பார்ப்பது இம்முறையின் உயிர். துணியில் ஆட்டோவின் மஞ்சள் ஏறினால் வேலை நடக்கிறது. காரின் சிவப்பு ஏறினால் கையை எடுத்துவிட வேண்டும். கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சு வண்டிகளில் மட்டும் இலேசாக ஏறுவது இயல்பு. துடைத்த இடத்தை உடனே ஷாம்பூத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

மிஞ்சியதற்குக் களிமண். இது குயவரின் களிமண் அன்று. கார் பராமரிப்புக்கென்றே விற்கும் பிசின் கட்டி. ஷாம்பூத் தண்ணீர் வழிய வழிய அதை மெல்ல ஓட்டினால் மேலே துருத்தி நிற்பதைப் பிடித்துக்கொள்ளும். அழுக்கானால் மடித்துப் புதுப் பக்கம் எடுக்கலாம். தரையில் விழுந்தால் எடுத்து ஊதிப் பயன்படுத்தும் பேச்சே இல்லை, குப்பைக்குத்தான். அதற்கும் மசியாத நிழலுக்கு ரப்பிங் காம்பவுண்ட்: பட்டாணி அளவு, சிறு பரப்பு, ஒரே திசை. ஒவ்வொரு ரப்பிங்கும் கிளியர் கோட்டில் கொஞ்சத்தைத் தின்றே தீரும். கதவின் விளிம்பிலும் மடிப்பிலும் பூச்சு இன்னும் மெல்லிது. அங்கே ஒரு சாயல் மிஞ்சினால் விட்டுவிடுவதே விவேகம்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீட்டின்கீழ் நின்ற கார் தனி வகை. எமல்ஷன் துளி நீரில் கலந்த சாயம். ஈரமாக இருக்கும்போதே ஈரத்துணி போதும். காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் துணியைப் பத்து நிமிடம் போர்த்தி, ஊறியபின் நகத்தாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ கிளப்பலாம். கிரில்லுக்கு அடித்த எனாமல் சொட்டினால் டர்பன்டைன். சுண்ணாம்பை உலரத் தேய்க்கவே கூடாது, அதன் குருணை கீறும். நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, நீர்த்த வினிகரால் ஒற்றி, உடனே அலச வேண்டும்.

மேட் பூச்சு வண்டிகளுக்குக் காம்பவுண்டும் பாலிஷும் ஆகா. தேய்த்த இடம் மட்டும் பளபளத்து, கோட்டைவிட அதிகம் கண்ணில் படும். பிபிஎஃப் என்னும் பாதுகாப்புப் படலம் ஒட்டிய காரில் கரைப்பான் தொடும் முன் ஒட்டிய கடையைக் கேட்பது நல்லது. மற்றவற்றில், வேலை முடிந்த இடத்தில் பழைய வேக்ஸும் போயிருக்கும் என்பதால் புதிதாக ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் குடித்த துணியை அடுப்படியில் போடாமல் வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும்; அதை வேட்டியோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்ட வீடுகளில் காரைப் பற்றிய பேச்சு சிறிது காலம் எழுவதில்லை.